சேசுராஜ் விரட்டிய ஈரம்

மாப்பிள்ளை வீட்டார் அடுத்த மாதம் நிச்சயத்துக்கு விக்ரோலியிலிருந்து வரப்போகிறார்கள் என்று தெரிந்துகொண்டதுபோல, சேசுராஜ் வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறியிருந்தது. தாராவி மண் குடித்த தண்ணீரைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாது. தாராளமாகச் சுவருக்குக் கொடுத்துவிடும்.

அந்தச் சுவர் அவருக்கும் பக்கத்து வீட்டுக் கரீம் பாட்சாவுக்கும் பொது. பாய் வீட்டைக் காலி செய்துவிட்டு வடாலாவுக்குப் போகவிருந்தார். இருந்தாலும் தேடிவந்து, சுவரின் அடியைத் தோண்டி இரண்டு பேருமாக ஈரத்தடுப்பு போட்டுவிடலாம் என்றார்.

"போகப்போற உமக்கு எதுக்கு பாய் இந்தக் கவல?" என்றார் சேசுராஜ்.

"வாறவுக பாவம்லா, அண்ணாச்சி."

யாரோ வரப்போகிறவர்களுக்காகச் சுவரைத் தோண்டும் அளவுக்கு சேசுராஜ் இன்னும் புனிதராகியிருக்கவில்லை. மிஸ்திரியைக் கூப்பிட்டு, முழங்கால் உயரத்துக்கு சிமெண்ட் பூசச் சொன்னார். சில நாளில் ஈரம் இடுப்பளவில் வந்து நின்றது. இடுப்புவரை டைல்ஸ் ஒட்டினார். ஈரம் மரியாதையாக டைல்ஸைத் தாண்டிப்போய், திரு இருதய ஆண்டவர் படத்தின் அடிச்சட்டத்தைத் தொட்டது.

"அவுக வாறதுக்குள்ள இது மாடிக்கே போயிரும். பாய் சொன்னத கேட்டா என்ன கொறஞ்சா போவீங்க?" என்றாள் மனைவி ஜெயசீலி.

சேசுராஜின் பயம் வேறு. ஒரே மகள் ஜெஸி விக்ரோலிக்குப் போய்விட்டால் அவரால் தாங்க முடியாது. கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் தாராவியிலேயே, பக்கத்தில் எங்காவது குடியிருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். பார்க்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். இந்தச் சுவரைப் பார்த்துவிட்டு மனம் மாறிவிட்டால்?

கடைசியில் கெமிக்கல் பூசி, அதன்மேல் கூரைவரை பிளாஸ்டிக் பலகை அடித்தார். இனி இந்தப் பக்கம் ஈரத்துக்கு வழியே இல்லை. அடுத்த வாரம் கரீம் பாட்சா வந்து, தன் பக்கத்துச் சுவர் புதிதாக நனைகிறது என்றார். உம்ம வீட்டுல குளிக்கிற மோரியில் குழாய் ஒழுகுதான்னு பாரும் என்று அனுப்பிவைத்துவிட்டு, சேசுராஜ் உள்ளே வந்து சிரித்தார்.

"அந்தப் பக்கம் தள்ளி விட்டுட்டேன் ஜெயசீலி. வாறவன் அனுபவிக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை ஜோன்ஸின் அம்மா உட்காருவதற்கு முன்பே பலகையைத் தடவிப் பார்த்தார். ஒரு பொட்டு ஈரம் இல்லை. சேசுராஜுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கேட்காமலே எல்லோருக்கும் இன்னொரு முறை டீ வரவழைத்தார்.

அந்த அம்மா டீயைக் கீழே வைத்தார்.

"ஒங்க ஆசப்படியே ஆயிட்டு அண்ணாச்சி. நிச்சயத்தன்னிக்கு சொல்லலாம்னு பாய்ட்ட கூட வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டோம். அவரு வீட்ட நாங்கதான் வாங்கியிருக்கோம், ஜோன்ஸுக்கும் ஜெஸிக்கும். போன மாசம் காஞ்சு கெடந்த சுவரு, நேத்து வந்து பாத்தா ஒரே ஈரம். எந்தப் பாவி செஞ்ச வேலையோ."