அஞ்சு மணி வெயில்

"சார், உங்க சூரியனால பெரிய பிரச்சினை," என்றான் கௌதம், சென்னையிலிருந்து போனில்.

பாலகுமாருக்குப் பகீரென்றது. லட்சக்கணக்கில் விலை போகும் வாட்சுக்கு விளம்பரம். கம்ப்யூட்டர் தொடாமல், தாள் தாளாகக் கையால் வரைந்து அசைய வைக்க வேண்டிய படம். தீவின் பீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பல் டிக்கெட் கொடுக்கும் அவரைத் தேடி இந்த வேலை வந்ததே அதிசயம். பொழுதுபோகாமல் யூட்யூபில் போட்ட கப்பல் படத்தைப் பார்த்துவிட்டு, வாட்ச் கம்பெனி எம்.டி.யே பெயரைச் சொன்னாராம். பாலகுமார் தலைகால் புரியாமல், மரைன் ஹில் குவார்ட்டர்ஸ் ஹாலை அடைத்து, வரைய ஒரு மேஜையை வாங்கிப் போட்டுவிட்டார்.

மனைவி வைஜெயந்தி அன்றே சொல்லிவிட்டாள். "இந்த விளம்பரம் டி.வி.யில வரலைன்னா மேஜை வெளிய போயிடணும். டீக் ஹை?"

"டீக் ஹை," என்று சொல்லித் தொலைத்திருந்தார்.

"சூரியனுக்கு என்னங்க?" என்றார் இப்போது.

"கப்பல் நிக்கிற ஜெட்டியில ஒருத்தர் நிக்கிறாரு. வாட்ச்ல காலை மணி அஞ்சு. சுள்ளுன்னு வெயில் அடிக்குது. வாட்ச் ஸ்லோவா ஓடுதுன்னுல்ல நினைப்பாங்க! இதை நான் எம்.டி. கண்ணுல காட்டவே மாட்டேன்."

கிழக்கே நடுக்கடல் தீவில் பாலகுமார் பிறந்ததிலிருந்து பார்த்தது அஞ்சு மணி வெயில்தான். மெயின்லேண்டில் அந்நேரம் கும்மிருட்டு என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

வெயில் வரைந்த அந்தத் தாள் கட்டை அப்படியே மேஜையின் குட்டைக் காலுக்கடியில் சொருகினார். அதுவரை ஆடிக்கொண்டிருந்த மேஜை ஆடாமல் நின்றது.

அடுத்த படத்தில் மணி ஆறரை.

"எம்.டி. பார்த்துட்டு 'இது இல்ல'ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல. முள்ளாத்தான் இருக்கும் சார். வாட்ச் விளம்பரத்துல முள் எப்பவும் பத்து பத்துல நிக்கணும்."

பத்து பத்தில் நிறுத்தினார்.

"ஐயோ, பத்து மணிக்கா சார் விடியுது?"

சூரியனை மேகத்தால் மூடினார்.

"மழையா? எம்.டி. மூஞ்சி சுருங்கிப் போச்சு."

மேகத்தைக் கலைத்து மறுபடி வரைவதற்குள் நிஜ மழை பிடித்துக்கொண்டது. நமுத்துப்போன தாள்களை ஃபேனுக்கடியில் உலர்த்தினார். காற்றில் எல்லாம் கலந்துவிட்டன. அவசரத்தில் அப்படியே அடுக்கிப் படம் பிடித்து அனுப்பியும் விட்டார்.

"சார், அந்த ஆளு ஏன் பின்பக்கமாவே நடந்து கடல்ல இறங்குறாரு?"

ஆளையே எடுத்துவிட்டார் பாலகுமார். ஆள் போனதும் ஜெட்டி எதற்கு? ஜெட்டி இல்லாமல் கப்பல் எங்கே நிற்கும்? கடைசியில் வாட்ச் மட்டும் மிஞ்சியது, பத்து பத்தில்.

வைஜெயந்தி உற்றுப் பார்த்தாள். "அரே, ஒண்ணுமே அசையலையே?"

"ஓரத்துல பாரு, காக்கா பறக்குது."

மறுநாள் கௌதம் அழாத குறையாகப் பேசினான். "எம்.டி. காக்காவையும் வேணாம்னுட்டாரு. அவ்வளவுதான் சார், விட்டுருங்க."

வைஜெயந்தி உடனே தம்பி சண்முகத்துக்குப் போன் போட்டாள். அக்கா வீட்டு மேஜையைத் தூக்க அவன் ஆள் சேர்த்துக்கொண்டு வந்து நின்ற வேகம் பாலகுமாருக்கு என்னவோ போலிருந்தது. இனி கவுண்டர், டிக்கெட், கப்பல் லேட் என்ற அறிவிப்பு, அவ்வளவுதான் வாழ்க்கை.

"மாமா, அந்தப் பக்கம் லேசாப் பிடிங்க," என்றான் சண்முகம்.

மேஜை எழும்பியது. காலடியிலிருந்த தாள் கட்டு சரிந்து ஹால் முழுக்கப் பரவியது.

"கச்ரா எல்லாம் கூட்டிடவா?" என்று வைஜெயந்தி துடைப்பத்தோடு வந்தாள்.

அப்போதுதான் போன் அடித்தது. புது நம்பர். கரகரத்த குரல்.

"பாலகுமார் தம்பிங்களா? நான் பொன்னுத்துரை பேசுறேன், வாட்ச் கம்பெனி எம்.டி."

"சார்... வணக்கம் சார். மன்னிச்சுக்கணும் சார், என்னால முடிஞ்சது..."

"அட, இருங்க தம்பி. நான் பொறந்தது உங்க தீவுக்குத் தெக்கே, கட்சால் தீவு ரப்பர் தோட்டத்துல. அஞ்சு மணிக்கே வெயில் அடிக்கிற ஊருக்காரரு வரையட்டும்னுதானே உங்களத் தேடிப் புடிச்சேன், அந்த வெயில் எங்கய்யா?"