ஒத்தை லேத்துக்கு எஸ் உண்டா?

கோயமுத்தூரில் இங்கிலீஷ் இலக்கணம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தவள் நான். இலக்கணம் என்று வந்துவிட்டால் ஒருவர் இன்னொருவரைப் பார்த்து ‘இது தப்பு’ என்று சொல்லியே ஆக வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது வாயில் வராது. கல்யாணப் பந்தியில் ரசம் உப்புக் கரித்தாலும், “நல்லாத்தானுங்க இருக்குது, எனக்குத்தான் வாய் சரியில்லீங்க” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போவார்கள். இது தெரிந்தும் அந்தத் தொழிலுக்கு ஆசைப்பட்டேன் என்றால் என் பிடிவாதத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

அப்போது எம்.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அப்பாவுக்குக் கணபதி ஏரியாவில் லேத் பட்டறை. “இந்த மாசத்துக்குள்ள ஒரு வேலையப் பாரு அம்மணி. இல்லாட்டி நம்ம பட்டறையில உக்காந்து பில்லுப் போடு” என்று சொல்லிவிட்டார். பட்டறைச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து, ‘சரக்கு எப்ப ரெடியாகும்?’ என்று போனில் கேட்கிறவர்களிடம் ‘நாளைக்குங்க’ என்று ஆயுள் முழுக்கப் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. பீளமேட்டில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் புதிதாகத் திறந்திருந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் போய் நின்றேன்.

“ஒரு டெமோ கிளாஸ் எடுத்துக் காட்டுங்க மேடம். நல்லா இருந்தா அன்னிக்கே வேலை” என்றார் ஓனர்.

“ஸ்டூடன்ட்ஸ் எத்தனை பேர் சார் வருவாங்க?”

“சென்டரு இப்பத்தானுங்களே ஆரம்பிச்சிருக்குது. ஒரு பத்துப் பேரை நீங்களே கூட்டிட்டு வந்துருங்க.”

(மாப்பிள்ளையே பந்தலையும் தூக்கிட்டு வரணும்ங்கற கதை.)

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி போட்டேன். ‘வந்து உட்கார்ந்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.’ அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். சித்தி ஒரு டப்பா நிறைய ஒப்பிட்டு, அதாவது போளி, சுட்டு எடுத்துக்கொண்டு சித்தப்பாவோடு வந்தார். அங்கேதான் நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

அப்பாவும் சித்தப்பாவும் ஒரே பட்டறையில் ஒன்றாக வேலை செய்தவர்கள். பாகம் பிரித்தபோது அப்பாவுக்கு இரண்டு லேத், சித்தப்பாவுக்கு ஒரு லேத்தும் ஒரு டிரில்லிங் மிஷினும் என்று பேசி முடித்தார்கள். சித்தப்பா அடுத்த தெருவில் தனியாகப் பட்டறை போட்டு, ‘இன்ஜினியரிங் வொர்க்ஸ்’ என்று போர்டும் மாட்டினார். சண்டை எதுவும் இல்லை. ஆனால் அதுவரைக்கும் தம்பியை ‘டா’ போட்டுக் கூப்பிட்ட அப்பா, அன்றிலிருந்து ‘வாங்க, போங்க’ என்று கூப்பிட ஆரம்பித்தார். எங்கள் பக்கத்தில் இதைவிடப் பெரிய விரிசல் கிடையாது.

டெமோவுக்கு நான் தேர்ந்தெடுத்திருந்த சொல் ‘வொர்க்’. வேறு எந்தச் சொல்லை எடுத்திருந்தாலும் தப்பித்திருப்பேன். ஆனால் ஊரில் எல்லோரும் ‘ஐ ஹேவ் எ வொர்க்’ என்று சொல்லிக்கொண்டு திரிவது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அதை ஒழித்துவிட்டுத்தான் மறுவேலை என்று தீர்மானம் செய்திருந்தேன்.

ஓனர் வாசலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் போர்டில் இரண்டு வாக்கியங்களை எழுதினேன். ‘ஐ ஹேவ் எ வொர்க்.’ ‘ஐ ஹேவ் வொர்க்.’

“இதுல எது சரி? நீங்க சொல்லுங்கம்மா.”

அம்மா இரண்டையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். “ரெண்டுமே நல்லாத்தான் இருக்குது கண்ணு.”

“ஒண்ணு தப்பும்மா.”

“நீயே பாடுபட்டு எழுதியிருக்கற. தப்புன்னு எப்படிச் சொல்றது?”

பக்கத்து வீட்டுக்காரர் அம்மாவுக்குத் துணைக்கு வந்தார். “எழுத்து முத்து முத்தா இருக்குதுங்க.” மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஓனர் எதையோ குறித்துக்கொண்டார்.

நான் விடவில்லை. வேலை என்ற அர்த்தத்தில் வந்தால் முன்னால் ‘எ’ வராது, பின்னால் ‘எஸ்’ வராது என்றேன். ஒருவர் வரைந்த படத்தையோ எழுதிய புத்தகத்தையோ சொன்னால் ‘எ வொர்க்’ என்று தாராளமாகச் சொல்லலாம் என்றேன். புரிந்ததா என்று கேட்டபோதெல்லாம் “புரிஞ்சுதுங்க” என்று பஜனை மாதிரி பதில் வந்தது. (ஒருத்தருக்கும் ஒண்ணும் புரியலைன்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்ச மாதிரி காட்டிக்குவேனா?)

“மூணாவது, தொழிற்சாலை. நம்ம ஊர்ல தெருவுக்குத் தெரு போர்டு இருக்குதே, இன்ஜினியரிங் வொர்க்ஸ்னு. அங்க மட்டும் எஸ் வரும்.”

சித்தி கையைத் தூக்கினார். விசேஷ வீடுகளில் ‘வாங்க, சாப்பிடுங்க’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாத சித்தி. எனக்குப் புல்லரித்துவிட்டது. முதல் சந்தேகம்!

“ஒத்தை லேத்து இருந்தாலும் எஸ் போடலாமா அம்மணி?”

போடலாம் என்பதுதான் பதில். ஒரு லேத் இருந்தாலும் எஸ் உண்டு. அதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா முந்திக்கொண்டார்.

“நமக்கு எதுக்கு எஸ்ஸு? அண்ணன் போட்டுக்கட்டுமுங்க. அவுங்ககிட்டத்தான் ரெண்டு லேத்து இருக்குது.”

அப்பா திரும்பிப் பார்க்காமலேயே பேசினார். “டிரில்லிங் மிசினு கொண்டு போனதையும் சேர்த்துச் சொன்னீங்கன்னா நல்லா இருக்குமுங்க.”

“அது ஓடுனாச் சொல்லலாமுங்க.”

“ஓட்டத் தெரிஞ்சா ஓடுமுங்க.”

குரல் உயரவில்லை. மரியாதை மட்டும் ஏறிக்கொண்டே போனது. இன்னும் இரண்டு ‘ங்க’ கூடினால் கைகலப்புதான். ஓனர் நாற்காலியை வாசலுக்கு வெளியே நகர்த்திக்கொண்டார்.

என் வேலை கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. பில் புத்தகம் என்னைப் பார்த்துச் சிரித்தது. மற்றவர்களாக இருந்தால் அழுதிருப்பார்கள், இல்லையென்றால் சமாதானம் பேசியிருப்பார்கள். நான் மார்க்கரால் போர்டைத் தட்டினேன்.

“இது ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ். எது பேசறதா இருந்தாலும் இங்கிலீஷ்ல பேசுங்க!”

சித்தப்பா திகைத்தார். பிறகு எழுந்து நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, அண்ணனைப் பார்த்துச் சொன்னார்.

“யூ... டேக் லேத்துங்க.”

“டுக்! முடிஞ்சுபோன விஷயம்!” என்றேன்.

“யூ டுக் லேத்துங்க.”

“யாரோட லேத்? மை லேத்!” என்று எடுத்துக் கொடுத்தேன்.

“யூ டுக் மை லேத்துங்க!”

“நீ எந்தப் பக்கம் அம்மணி?” என்றார் அப்பா என்னிடம். முகம் சிவந்திருந்தது. அவரும் எழுந்தார். போர்டைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

“ஐ ஹேவ் வொர்க். யூ ஹேவ் நோ வொர்க்.”

எ இல்லை! எஸ் இல்லை! அந்த வகுப்பில் ஒருவர் பாடத்தைப் புரிந்துகொண்டுவிட்டார்!

“கரெக்ட்ப்பா! சூப்பர்!” என்று நான் கைதட்டினேன்.

நான் மட்டும்தான் தட்டினேன். என்ன செய்தேன் என்பது மூன்றாவது தட்டில்தான் உறைத்தது. சித்தப்பா பட்டறைக்கு அந்த நாட்களில் உண்மையாகவே வேலை வரவில்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார். சித்தி ஒப்பிட்டு டப்பாவைப் பிரிக்காமலே எடுத்துக்கொண்டு பின்னால் போனார். அந்த இடத்திலேயே தரை பிளந்து பேக்கரிக்குள் விழுந்துவிடலாம் போல எனக்கு இருந்தது.

“நல்லாத்தானுங்க எடுத்தீங்க. அப்புறமாக் கூப்பிடறேனுங்க” என்றார் ஓனர். அவரும் எங்கள் ஊர்க்காரர்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று போர்டில் எழுதிப் போட வேண்டியதில்லை.

சாயங்காலமே சித்தப்பா பெயிண்ட் டப்பாவோடு ஏணியில் ஏறி, தன் போர்டில் இருந்த எஸ்ஸை அழித்துவிட்டார் என்று செய்தி வந்தது. அப்பா அன்றைக்கு ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. பில் புத்தகத்தை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். நான் அதைத் திரும்ப அவர் பக்கமே நகர்த்தினேன்.

முகத்துக்கு நேராக ‘இல்லை’ என்று சொல்ல முடியாத ஊர் என்னைக் கவிழ்த்தது என்றால், அதே ஊர் என்னைத் தூக்கியும் விடவேண்டும் அல்லவா? மறுவாரம் நேராகப் போய் ஓனர் முன்னால் உட்கார்ந்தேன். “கூப்பிடறேன்னீங்களே சார், நீங்க பிஸியா இருப்பீங்கன்னு நானே வந்துட்டேனுங்க.” அவர் விட்டத்தைப் பார்த்தார், காபி சொன்னார், தண்ணீர் குடித்தார். ‘இல்லை’ மட்டும் வரவேயில்லை. நான் எழுந்திருக்கவும் இல்லை. கடைசியில், “காலையில ஆறு மணி பேட்ச் எடுத்துக்கறீங்களாங்க?” என்றார். “ஒண்ணே ஒண்ணு மேடம். சொந்தக்காரங்க யாரும் வேண்டாமுங்க.”

வேலை கிடைத்துவிட்டது. பாடம் பாதியில் நின்றதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது. சித்தப்பா பட்டறைக்குப் போய், கைதட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். “ஒத்தை லேத்துக்கும் எஸ் உண்டுங்க சித்தப்பா. எஸ் இல்லாட்டித்தான் தப்பு” என்றேன்.

“அழிச்சது அழிச்சதுதான் அம்மணி. வேணும்னா உங்கப்பன் வந்து போடட்டும்” என்றார் அவர், லேத்தை நிறுத்தாமல்.

அதை வீட்டில் வந்து அப்படியே சொன்னேன். ஆயுத பூஜை அன்றைக்கு அப்பா, சித்தப்பாவின் பட்டறைக்குக் கிளம்பினார். கையில் பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலம். பின்னாலேயே நானும் போனேன். பிரித்தால், கனமான இரும்புத் தகட்டில் வெட்டி, ஓரமெல்லாம் அரம் போட்டு வழவழவென்று தேய்த்த ஓர் எஸ்.

“இந்தாடா, உன்ற எஸ்ஸு” என்றார் அப்பா.

அந்த ‘டா’வைக் கேட்டதும் சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சித்தப்பா எஸ்ஸை இரண்டு கையாலும் வாங்கினார். எடை பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வாசல் வரைக்கும் போய்த் தெருவை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

“எஸ்ஸு வந்துருச்சுங்ணா. லேத்து பின்னால வருதுங்களா?”

லேத் இன்றுவரைக்கும் வரவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் யாராவது யாரிடமாவது வெறும் வாயால் மன்னிப்புக் கேட்டால், கேட்கிறவரின் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. போன வாரம் என் வீட்டுக்காரர், என் ஸ்கூட்டரை எங்கேயோ இடித்துவிட்டு வந்து ‘ஸாரி’ என்றார். நான் வாசலை எட்டிப் பார்த்தேன்.