ஒரு சொல்லுக்காக நான் கெடுத்த ஒரு நாள்

கல்வராயன் மலையில் ஒரு குடும்பத்தின் மரவள்ளிக் கிழங்கை நான் கறுக்க வைத்தேன். பூச்சி இல்லை, மழை இல்லை, நான்தான். முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்று, கள்ளக்குறிச்சியில் சர்க்கரை மாத்திரையும் அகராதியுமாகக் காலம் தள்ளுகிற ஆசாமி. கிழங்கைக் கெடுக்க நான் பயன்படுத்திய ஆயுதம் ஒரு வினைச்சொல்.

அந்தச் சொல், மெனக்கெடு. "இவ்ளோ மெனக்கெட்டு செஞ்சேன், நல்லா இருக்குன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா?" என்று என் மனைவி கேட்கும்போது அதற்கு அர்த்தம், சிரமப்பட்டுச் செய்வது. (நான் சொல்லாததற்குக் காரணம், குழம்பு என்ற சொல்லின் வேரை யோசித்துக்கொண்டிருந்தேன். குழம்பைக் கவனிக்கவில்லை.) ஆனால் பழைய அர்த்தம் அது அல்ல. 'வினை கெடு' என்பதுதான் வாயில் தேய்ந்து மெனக்கெடு ஆனது என்பார்கள். வினை என்றால் வேலை. இன்னொரு காரியத்துக்காக ஒருவர் தன் வேலையைப் போட்டுவிட்டு வந்தால், அன்றைக்கு அவர் வேலை கெட்டது. யாழ்ப்பாணத்தில் இன்றும் "மினக்கெடாமல் வா" என்றால் பொழுதை வீணாக்காமல் வா என்றுதான் பொருள். நாம் எடுத்த சிரமத்தை மட்டும் வைத்துக்கொண்டு, கெட்டுப்போன வேலையை மறந்துவிட்டோம்.

இதைப் பற்றி எங்கள் ஊர் இலக்கியக் கூட்டம் ஒன்றில் பேச ஒப்புக்கொண்டிருந்தேன். அதற்கு இரண்டு வாரம் முன்பு மகன் குடும்பத்தோடு அருவி பார்க்கக் கரியாலூர் போனோம். டீக்கடையில் ஒருவர் பக்கத்து ஆளிடம் சொன்னார்: "நாளிக்கு தாலுக்கா ஆபீசுக்குப் போவணும். ஒரு நாளு மெனக்கேடு."

டீயை அப்படியே வைத்துவிட்டு அவர் பக்கம் நகர்ந்தேன். பழைய பொருள், உயிரோடு, பன் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறது!

அவர் பெயர் லட்சுமணன். இரண்டு ஏக்கரில் மரவள்ளி போட்டிருந்தார். கூட்டத்துக்கு வந்து அந்தச் சொல்லை மேடையில் சொல்ல வேண்டும் என்று கேட்டேன்.

"அன்னிக்கு லாரி வருதுங்க சார். அதுக்கு மொத நாளு கெழங்கு புடுங்குறோம்."

"லாரி எத்தனை மணிக்கு?"

"மூணு மணிங்க. நான் இருந்து ஆளக் கூப்புட்டு ஏத்தணும்."

"கூட்டம் பத்து மணிக்கு. ரெண்டு நிமிஷம் பேசினாப் போதும். பன்னெண்டுக்கு பஸ் ஏத்திவிடறேன்."

இங்கேதான் நான் செய்த தவறு. அழைப்பிதழ் என் சட்டைப்பையில் இருந்தது. அதில் என் பெயர் ஏழாவது. எனக்கு முன்னால் பேச இருந்தவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் 'சுருக்கமாக' என்று சொன்னால் நாங்கள் முறுக்குப் பொட்டலத்தைப் பிரிப்போம். எல்லாம் தெரிந்தும் மறைத்தேன். என் உரைக்கு ஓர் உயிருள்ள சான்று வேண்டும், அவ்வளவுதான்.

கூட்டத்தன்று லட்சுமணன் துவைத்த வெள்ளைச் சட்டையில் ஒன்பதரைக்கே வந்துவிட்டார். முதல் வரிசையில் உட்கார வைத்தேன். "தலைவர் ரொம்பக் கண்டிப்பு, போனை அணைச்சுடுங்க" என்று அதையும் நானே சொன்னேன். அவர் நம்பிக்கையோடு அணைத்தார்.

பன்னிரண்டு மணிக்கு மூன்றாவது பேச்சாளர் முன்னுரையில் இருந்தார். லட்சுமணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் மேடையிலிருந்து புன்னகைத்தேன். ஒரு மணிக்குத் தயிர்சாதம். (அதைச் சாப்பிடும்போது அவர் "சார், பஸ்ஸு..." என்றார். "அடுத்தது நாமதான்" என்றேன். அடுத்தது நாங்கள் இல்லை.) இரண்டே முக்காலுக்கு என் பெயரை அழைத்தார்கள்.

அப்போதாவது அவரை முதலில் பேசவிட்டிருக்கலாம். நான் வேரிலிருந்து தொடங்கினேன். வினை, வினைக்கேடு, வகரம் மகரமான விதம். நாற்பது நிமிடம். பிறகு வெற்றிப் பெருமிதத்தோடு அவரை மேடைக்கு அழைத்து, மைக்கை நீட்டினேன்.

"ஐயா, இந்தச் சொல்லை உங்க ஊர்ல எப்படிச் சொல்வீங்க?"

லட்சுமணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார், இன்னிக்கு ஒரு நாளு மெனக்கேடாப் பூட்ச்சு. லாரி போயிருக்கும். நான் போவட்டுமாங்க?"

அரங்கம் கைதட்டி அதிர்ந்தது. இதைவிடக் கச்சிதமான எடுத்துக்காட்டு எந்த அகராதியிலும் கிடையாது. நான் உணர்ச்சிவசப்பட்டு, "பின்வரிசைக்குக் கேக்கல, இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன்.

அவர் இன்னொரு தடவையும் சொன்னார். இன்றும் என்னைத் தூங்கவிடாதது அந்த இரண்டாம் தடவைதான்.

வாசலுக்கு வந்ததும் லட்சுமணன் போனை ஆன் செய்தார். அவர் மனைவி அலமேலு பதினான்கு முறை அழைத்திருந்தார். பேசியபோது ஸ்பீக்கர் இல்லாமலேயே எனக்குக் கேட்டது.

"எங்கய்யா போய்த் தொலஞ்ச? டிரைவரு அர மணி நேரம் நின்னு பாத்தான். இருட்டறதுக்குள்ள மல எறங்கணும்னு பூட்டான். இனிமே நாலு நாளு கழிச்சுத்தான் வருவானாம்."

பிடுங்கிய மரவள்ளி நான்கு நாள் தாங்காது. உள்ளே கறுப்புக் கோடு ஓடிவிடும். மாவு மில்லில் ஒரு கிழங்கை ஒடித்துப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதை லட்சுமணன் எனக்கு நிதானமாக விளக்கினார். திட்டியிருந்தால் தேவலை. "பரவால்லங்க சார், உங்களுக்குப் படிப்பு வேல" என்றார்.

மறுநாள் காலையில் மலைக்குப் போனேன். கையில் ஆப்பிளும் ஒரு கவரில் பணமும். கொட்டகை முன்னால் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து, கறுக்காமல் மீந்ததையாவது காப்பாற்றக் கிழங்கைச் சீவி வெயிலில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அலமேலு கவரைப் பார்த்தார்.

"அத உள்ள வையிங்க சார். இங்க குந்திகினு கீறவங்க யாரும் கூலிக்கு வர்ல. இன்னிக்கு எங்க காட்டுக்கு இவங்க, நாளிக்கு இவங்க காட்டுக்கு நாங்க. நாளுக்கு நாளுதான். எங்க வூட்டுக்காரரு நாள நீங்கதான கெடுத்தீங்க? குந்துங்க."

குந்தினேன். குந்துவதற்கே இரண்டு பேர் தோள் பிடிக்க வேண்டியிருந்தது. கத்தி கொடுத்தார்கள். சீவினேன். மற்றவர்களின் வில்லைகள் அப்பளம் போல விழுந்தன. என்னுடையவை செங்கல் போல விழுந்தன. பத்தாவது கிழங்கில் விரலைச் சீவிக்கொண்டேன். ஒருவர் துணி தேட, ஒருவர் மஞ்சள் தேட, லட்சுமணன் என் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, மூன்று பேருடைய வேலை நின்றது.

"இன்னா சார் இது," என்றார் அலமேலு. "நீங்க ஒர்த்தரு வேல செய்ய மூணு பேரு வேல கெடுது. இவரு இப்புடியே ஜாஸ்தி ஒதவி செஞ்சா, நாளிக்கு நாமளும் அருவியாண்ட வேடிக்க பாக்கப் போயிறலாம்."

சிரிப்பில் எல்லாக் கத்தியும் நின்றது. என்னை மரத்தடியில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். மாலை வரை நான் உருப்படியாகச் செய்தது ஒன்றுதான். எழுந்திருக்கவில்லை.

ஆனால் கடன் தீரவில்லையே. பாதிக் காடு இன்னும் பிடுங்காமல் இருந்தது. அடுத்த லாரி வந்த அன்று மறுபடியும் போனேன். லட்சுமணன் என்னைப் பார்த்ததும் கத்தியை எடுத்து ஒளித்து வைத்தார். அன்றும் டிரைவர் அவசரத்தில் இருந்தார். மூட்டை பாதிதான் ஏறியிருந்தது.

"நேரமாவுதுண்ணே. மீதி அடுத்த டிரிப்பு."

அலமேலு என்னைப் பார்த்தார். எதற்குப் பார்த்தார் என்று எனக்கே புரிந்துவிட்டது. டிரைவரிடம் போனேன்.

"தம்பி, நீங்க இவ்வளவு பாடுபடறீங்களே, பாடுன்னா என்னன்னு தெரியுமா?"

"இன்னா சார்?"

அவர் கேட்டிருக்கக் கூடாது. பாடுபடு, அல்லாடு, முயற்சி, முனைப்பு, சிரமம் என்று ஒவ்வொன்றாக எடுத்தேன். அவர் கதவின் மேல் கை வைத்தால் நான் கையின் மேல் கை வைத்தேன். வயதானவரை உதற முடியாமல் நெளிந்தார். முயற்சியை முடித்து நான் முனைப்பில் கால் வைத்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏத்தியாச்சு சார்! வுட்ருங்க அவர!"

வாழ்க்கையில் என் பேச்சால் நடந்த ஒரே அறுவடை அது.

அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் கிழங்கு பிடுங்கும்போது அலமேலுவிடமிருந்து போன் வந்துவிடும். "சார், வெசாயக்கெழம லாரி. வந்து பேசுங்க." நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டால், என் மனைவி உள்ளேயிருந்து கேட்பாள்: "இன்னாங்க, இன்னிக்கு யாரு வேலைய கெடுக்கப் போறீங்க?"

போன மாதமும் போனேன். சாலை வளைவில் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தேன். லாரி வந்தது. புது டிரைவர், எனக்கு அறிமுகம் இல்லாதவர். என்னைப் பார்த்ததும் அவரே இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து லட்சுமணன் கையில் கொடுத்தார்.

"ஏத்தி முடிக்கிற வரைக்கும் நிக்கிறேண்ணே. அந்தப் பெரியவர மட்டும் பேச வேணாம்னு சொல்லு."