தில்லைநாயகம் துப்பாக்கி பார்க்கிறார்

துப்பாக்கி உரிமம் வந்துவிட்டது. பெயர் தன்னுடையதுதானா என்று தில்லைநாயகம் இரண்டு தரம் படித்துப் பார்த்தார்.

வராது என்ற தைரியத்தில்தான் அவர் மனுவே போட்டார். அம்பாசமுத்திரத்தில் வாழைத்தோட்டம், மலையிலிருந்து பன்றிகள் இறங்கிக் கிழங்கைத் தோண்டுகின்றன, பயிர் காக்க ஒரு ரைபிள் வேண்டும். சர்க்கார் ஆபீசில் காலமெல்லாம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவருக்கு, ஒரு மனு எத்தனை மேஜையில் படுத்துத் தூங்கும் என்று தெரியாதா? அவரே எத்தனையோ மனுக்களைத் தாலாட்டியவர்.

உண்மையில் அவருக்கு ரைபிள் வேண்டாம். ரைபிள் பார்க்கிற வேலைதான் வேண்டும்.

மனைவி உலகம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் பம்பாயில். வாரத்தில் ஆறு நாள் அவர் வாயைத் திறப்பது பல் விளக்கவும் சாப்பிடவும்தான். செவ்வாய்க்கிழமை மட்டும் வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, செங்கோட்டை பாசஞ்சரைப் பிடித்து, திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி, சந்துக்குள் இருக்கும் காஜா முகைதீனின் துப்பாக்கிக் கடைக்குப் போவார்.

"தினமும் கையில எடுக்கணும், சமயத்துல காலை வாரக் கூடாது. அப்படி ஒண்ணு சொல்லுங்க பாய். உரிமம் வாரதுக்குள்ள பாத்து வச்சிருவோம்" என்பார்.

"பைய பாப்போம் அண்ணாச்சி. துப்பாக்கி எடுக்கதும் பொண்ணு எடுக்கதும் ஒண்ணு. அவசரப்பட்டா ஆயுசுக்கும் சத்தம்தான்" என்று காஜா முகைதீன் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார்.

எது மழைக்குத் தாங்கும், எதற்குத் தோட்டா சுலபமாகக் கிடைக்கும், எது தோளில் உதைக்கும் என்று பேச்சு ஆரம்பிக்கும். தோள்வலி வந்ததும் மூட்டுவலி வரும், பிறகு மருமகன் வருவான், பிறகு நாட்டு நடப்பு. எதிர்க் கடை பிச்சைக்கண்ணு டீ கொண்டுவந்து வைப்பார். சாயங்கால வண்டிக்குக் கிளம்பும்போது தில்லைநாயகத்துக்கு மனசு நிறைந்திருக்கும். வியாபாரியை வெறுமனே அலைக்கழிக்கிறோமே என்ற குற்ற உணர்ச்சியும் கொஞ்சம் இருக்கும்.

இப்படியே காலம் போயிருக்கும். அவரே கெடுத்துக்கொண்டார்.

உரிமப் பிரிவில் அவரிடம் முன்பு வேலை பார்த்த குமரகுருபரன் உட்கார்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் பதறிப்போய் ஓடினார்.

"தம்பி, என் மனுவுக்கு ஒண்ணும் அவசரமில்ல. கிடந்துட்டுப் போவுது" என்றார்.

நம்ம பக்கத்தில் ஒரு பெரிய மனுஷர் நேரில் வந்து அவசரமில்லை என்று சொன்னால், அதற்குமேல் அவசரம் ஒன்று கிடையாது. குமரகுருபரன் அன்றே கோப்பைத் தேடி எடுத்தான். விஷயம் தெரிந்து தில்லைநாயகம் மறுபடியும் ஓடினார்.

"நெசமாத்தான் சொல்லுதேன்லே. ஒரு வருசம் ஆனாலும் பரவாயில்ல!"

"ஐயோ, ஸாரை ரெண்டாந்தரம் நடக்க விட்டுட்டனே!" குமரகுருபரனுக்குக் கண் கலங்கிவிட்டது. கோப்பைக் கையில் தூக்கிக்கொண்டு அவனே மாடி மாடியாக ஏறிக் கையெழுத்து வாங்கினான்.

உரிமத்தோடு கடைக்குப் போன அந்தச் செவ்வாய், தில்லைநாயகம் எல்லா ரைபிளிலும் குறை கண்டுபிடித்தார். ஒன்று கனம், ஒன்று குட்டை, ஒன்றின் கட்டை நிறம் பிடிக்கவில்லை. "அடுத்த வாரம் முடிச்சிருவோம் பாய்" என்று ஒருவழியாகத் தப்பி வந்தார்.

ஊரில் முத்துமாலை காத்திருந்தார். பக்கத்துத் தோட்டக்காரர். பன்றிகள் நிஜமாகவே தின்று தீர்ப்பது அவருடைய வாழையைத்தான்.

"எங்கவே துப்பாக்கி?"

"ஒண்ணும் அமையல."

"அமையலயா? உமக்குப் பாக்கத் தெரியல வே. வார செவ்வாக்கெழமை நானும் வாரேன்."

வந்தேவிட்டார். கடைக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஒரு ரைபிளைக் கையில் எடுத்தார்.

"இதான். எடும்."

"அது கனம்லா?"

"சும்ம கெடந்து பேசாதீரும். பன்னியைச் சுடப் போறீரா, அதைத் தூக்கிட்டு ஓட்டப்பந்தயம் ஓடப் போறீரா?"

கடையிலேயே நல்ல ரைபிள் அதுதான் என்று தில்லைநாயகத்துக்கும் தெரியும். போன வாரம் குழலுக்குள் பார்த்தபோது கண்ணாடியாக மின்னியது. துப்பாக்கி வாங்கி முடித்தவனுக்குத் துப்பாக்கிக் கடையில் என்ன வேலை? அடுத்த செவ்வாய் வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கே போவது? முத்துமாலை ரைபிளை நீட்டிக்கொண்டே நின்றார்.

"சரி பாய். இதையே கட்டிக் கொடுங்க" என்றார்.

காஜா முகைதீன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ரைபிளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் குழலுக்குள் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"மன்னிக்கணும் அண்ணாச்சி. உள்ள துரு ஏறிட்டு."

முத்துமாலை பிடுங்கிப் பார்த்தார். செக்கச்செவேல் என்று இருந்தது.

"இந்தச் சரக்கை உங்க தலையில கட்ட எனக்கு மனசு வரல. வேற ஒண்ணு வரவழைக்கேன். அடுத்த செவ்வாய் வந்து பாருங்க" என்றார் காஜா முகைதீன்.

"இதெல்லாம் ஒரு கடையாவே!" என்று கத்திவிட்டு, முத்துமாலை செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்துப் போய்விட்டார்.

தில்லைநாயகத்துக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது. பாவம், யோக்கியமான மனுஷர். கைக்கு வந்த வியாபாரத்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு டீயாவது வாங்கிக் கொடுப்போம் என்று எதிர்க் கடைக்குப் போனார்.

"ரெண்டு டீ போடும் வே. பாய்க்கு இன்னைக்கு நஷ்டம். அவ்வளவு நல்ல ரைபிள், ஒரே வாரத்துல துருப்பிடிச்சுப் போச்சு. எப்படின்னே தெரியல."

பிச்சைக்கண்ணு டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"முந்தாநாள் எங்கிட்ட ஒரு தம்ளர் உப்புத்தண்ணி வாங்கிட்டுப் போனாரு அண்ணாச்சி, எதுக்கு பாய்னு கேட்டா, 'அந்த அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி துப்பாக்கியை வாங்கிட்டாருன்னா, அப்புறம் செவ்வாக்கெழமை நான் ஆருகூட வே பேசுவேன்'னு என்கிட்டயே திருப்பிக் கேக்காரு!"