நீலமேகத்துக்கு ஊன்

ஆகுர்டி, புணே
12.1.2005

சிரஞ்சீவி கோகுல்நாத்துக்கு மாமா ரங்கராஜன் அநேக ஆசீர்வாதம். இங்கே மூன்று ஜீவனில் இரண்டு க்ஷேமம். அமெரிக்காவில் உன் க்ஷேமத்துக்கும் உன் கம்பெனி க்ஷேமத்துக்கும் எழுதவும். மூன்றாவது ஜீவனைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்து படிக்கவும்.

நீ ஆறு மாதத்துக்கென்று என்னிடம் ஒப்படைத்துப் போன இகுவானா என்கிற அந்த ராட்சத ஓணான், அதாவது நம் நீலமேகம், வந்த நாளில் எப்படி இருந்தது என்று உனக்கே தெரியும். உலகத்தில் இகுவானா என்றால் பச்சை, நம்முடையது ஒன்றுதான் நீலம். அதைப் பார்க்க ஔந்திலிருந்தெல்லாம் கார் போட்டுக்கொண்டு முந்நூறு பேர் வந்தார்கள். (மாமி ஒன்பது பேர் என்பாள். கல்யாணமான இந்த முப்பத்திரண்டு வருஷத்தில் நான் சொன்ன எதையும் அவள் முழுசாக நம்பியதில்லை.) வளர்க்கும் விதம் பற்றி நீ இங்கிலீஷில் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்தையும் படித்தேன், என்ன நடை, அபாரம், பத்திரமாக பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன்.

டிசம்பர் குளிர் வந்ததும் சனி பிடித்தது. முருங்கைக்கீரையைத் தொடவில்லை, நிறம் இருண்டுகொண்டே போனது, பத்து நாளில் நீலம் போய் மேகம் மட்டும் மிச்சம். துண்டில் சுற்றி ஆட்டோவில் சிஞ்ச்வட் மிருக டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவள் தொட்டுப் பார்த்து, "காகா, யாலா ரோஜ் ஊன் த்யா. பர்ப்பூர் ஊன்" என்றாள். மருந்தில்லை, மாத்திரையில்லை, தினமும் ஏராளமாக ஊன் கொடுக்கணுமாம். மராத்தியில் முக்கால்வாசி தமிழ்தான் என்று ஸ்கூட்டர் ஃபாக்டரியில் இருபத்தெட்டு வருஷம் சொல்லி வந்தவன் நான். எட்டாம் கிளாஸில் தமிழில் முதல் மார்க், அதோடு போதுமென்று நானே நிறுத்திக்கொண்டேன். ஊன் என்றால் மாமிசம் என்று எனக்கா தெரியாது?

மாமியோ, "ஏன்னா, ஊன்னா ஹிந்தில கம்பளி நூல்! குளிர்றதுன்னு சொல்லியிருக்கா. உங்களுக்கு எதுவுமே பாதிதானே காதுல விழும்" என்றாள்.

"டாக்டர் மராத்திக்காரிடி சியாமளா, ஹிந்தி எதுக்குப் பேசறா?"

"தமிழ் மட்டும் பேசுவாளாக்கும்?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது, அவள் வயதை உத்தேசித்துச் சொல்லவில்லை. இரண்டையும் செய்துவிடுவது என்று முடிவாயிற்று.

முட்டை வாசனைகூட அறியாத நம் குடும்பத்தில் நான் தலைக்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு மூன்று தெரு தள்ளிக் கறிக்கடைக்குப் போனேன். அங்கே முன்னால் நிற்கிறான் என்கூட வேலை பார்த்த கிறிஸ்டோபர். "என்ன சாமி, வழி தப்பிட்டீங்களா?" என்றான். வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார் என்றேன். "எந்த ஊரு?" "தென் அமெரிக்கா." "அப்ப எலும்போட வாங்குங்க" என்றான். கொத்துக்கறியாகவே வாங்கி, தினம் மூக்கைப் பொத்திக்கொண்டு, நானே ஸ்பூனால் வாய்க்குள் தள்ளுகிறேன். மாமி பதினெட்டு வருஷத்துக்கு அப்புறம் பின்னல் ஊசியை எடுத்தாள். போன தடவை எங்களுக்குக் குழந்தை பிறக்கும் என்று பின்னியது, யாரும் போடாமல் பீரோவில் உன் இரண்டு பக்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இந்தத் தடவை நாலு கையும் வாலுக்கு ஒரு நீள உறையும் வைத்து அரக்குக் கலரில் பின்னி முடித்துவிட்டாள். வந்த புதிதில் நீலமேகத்தைக் கண்டு கட்டில்மேல் ஏறி நின்றவள், இப்போது மடியில் போட்டுக்கொண்டு, "அழாதேடா கண்ணா" என்கிறாள். குளிர் புகாமல் ஜன்னலுக்கெல்லாம் நானே சாக்கு அடித்துவிட்டேன், பகலிலும் லைட் போட்டுத்தான் நடமாட்டம். பின்னங்கால் இரண்டும் வீங்கியிருக்கிறது, சதை பிடிக்கிறது என்று அர்த்தம். கண் திறப்பதில்லை, அது நல்ல ஓய்வு. மொத்தத்தில் நாளுக்கு நாள் தேறி வருகிறது. பிப்ரவரியில் நீ வந்து இறங்கும்போது பழைய நீலத்தோடு வாசலில் நிற்கும், இது என் வாக்கு.

சங்கராந்திக்கு எங்கள் இருவருடைய ஆசீர்வாதம். வேளாவேளைக்குச் சாப்பிடு, வம்புக்குப் போகாதே.

இப்படிக்கு,
உன் மாமா
ரங்கராஜன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை கொண்டுவந்த எதிர்வீட்டு ஜாதவ் மருமகள், நீலமேகம் கிடக்கும் அறையைப் பார்த்து, "அஹோ காகா, இத்தே ஊன் குடே யேத்தே?" என்றாள். இங்கே ஊன் எங்கே வருகிறது என்று கேட்கிறாள். நான் கொத்துக்கறிக் கிண்ணத்தைக் காட்டினேன். மாமி ஸ்வெட்டரைக் காட்டினாள். அந்தப் பெண் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஜன்னல் சாக்கைப் பிய்த்து இழுத்தாள். தரையில் வெயில் விழுந்தது. அதைத் தொட்டு, "ஹே ஊன்" என்றாள். உன் இரண்டு பக்கத்தையும் அவளிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். முதல் வரி வெயிலாம். இரண்டாவது வரி, மாமிசம் விஷமாம்.

மொட்டை மாடியில் பாய் போட்டு, ஸ்வெட்டரைக் கழற்றிப் படுக்க வைத்தோம். அரை மணியில் கழுத்தோரம் ஒரு விரலகலம் நீலம் வந்தது. கோகுல், இது புளுகில்லை, மாமியும் பார்த்தாள். அப்புறம் வயிறு ஏறி இறங்குவது நின்றுவிட்டது. அதை நான் மட்டும்தான் பார்த்தேன். தூங்குகிறது என்று சொல்லியிருக்கிறேன். இத்தனை வருஷத்தில் என் வார்த்தையை அவள் முழுசாக நம்பியது இதுதான். வெயில் நகர நகர, பாயை மெதுவாக இழுத்துக்கொண்டே போகிறாள்.