கோழித்தீவனம் தின்ற முட்டையார்

கோழித்தீவனத்தை ருசி பார்த்துவிட்டு, "உப்புத் தூக்கல்" என்று லாரியைத் திருப்பி அனுப்பிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் நாமகிரிப்பேட்டைப் பக்கம் பண்ணை வைத்திருந்தார். ஊர் அவரை முட்டையார் என்றது. அங்கே நான் சூப்பர்வைசர், விலங்கியல் பட்டதாரி. அதாவது, தவளையை அறுக்கச் சொன்னபோது மயங்கி விழுந்தவன்.

"நாம திங்காததக் கோழி மட்டும் எதுக்குத் திங்கோணும்?" என்பார். மூட்டை பிரித்ததும் ஒரு சிட்டிகை வாயில் போடுவார். மக்காச்சோளம், கருவாட்டுத் தூள், முட்டை ஓடு கெட்டிப்படச் சேர்க்கிற கிளிஞ்சல் தூள், எல்லாமே உள்ளே போகும்.

ஒரு நாள் கொட்டகைக்கு நடந்தவர் மூச்சு வாங்கி, தலை சுற்றி, முட்டைத் தட்டுகள் மேலேயே சாய்ந்துவிட்டார். மெட்ராஸுக்கு அவர் சம்சாரத்தோடு நானும் துணைக்குப் போனேன். இதய வால்வில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டது என்றார் டாக்டர்.

"பாத்தியா சாமி, எல்லாம் அந்தக் கிளிஞ்சல்தான்" என்றார் முட்டையார் என்னிடம். "கோழி முட்டை போட்டு வெளிய தள்ளிருது. நான் எந்த வழியில தள்றது?"

படித்தவன் சிரித்திருக்க வேண்டும். எனக்குப் பயம் வந்துவிட்டது. முதலாளி மனம் கோணக்கூடாதென்று நானும் அவ்வப்போது தீவனம் தின்றிருக்கிறேனே. கை தானாக நெஞ்சுக்குப் போனது. "உங்களுக்கும் வலிக்குதா?" என்று டாக்டர் கேட்டார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். தின்ற சுண்ணாம்பு அங்கே போய் உட்காராது. சின்ன வயதில் மூட்டு வீங்கி வந்த காய்ச்சல் வால்வைக் கெடுத்திருக்கிறது. அந்தத் தழும்பில் வருஷக்கணக்காகச் சுண்ணாம்பு சேர்ந்து, வால்வுக் கதவு சரியாகத் திறப்பதில்லை. ரத்தத்தை முட்டித் தள்ளியே இதயம் ஓய்ந்துபோகிறது. கரைக்க மருந்து கிடையாது. நெஞ்சைத் திறந்து உலோக வால்வு வைக்க வேண்டும், விட்டால் உயிருக்கு ஆபத்து.

"முடியாதுங்க. தீவனத்த யாரு ருசி பாக்கறது?" என்றார் முட்டையார். டாக்டர் கெஞ்சினார், சம்சாரம் அழுதார். கடைசியில் முட்டையார் என் பக்கம் திரும்பினார். "நீ தெனமும் தின்னு பாக்கறயா? அப்படின்னாப் படுக்கறேன்."

"பாக்கறேனுங்க" என்றேன். டாக்டர் சொன்னது காதில் ஏறியிருந்ததே தவிர, பயம் போகவில்லை.

நான் மட்டும் பண்ணைக்குத் திரும்பினேன். ஆபரேஷன் நடந்த அன்று காலை சிட்டிகை போதாதென்று ஒரு கைப்பிடி அள்ளித் தின்றேன். அவர் பிழைத்தால் போதும் என்றிருந்தது.

பிழைத்து வந்தார். ரத்தம் உறையாமலிருக்க ஆயுசு முழுக்க மாத்திரை. பக்கத்தில் உட்கார்ந்தால் நெஞ்சுக்குள் டிக், டிக் என்று கேட்கும். வந்ததும், "உப்பு சரியா இருந்துச்சா சாமி?" என்றுதான் கேட்டார்.

ஓயாத வாய் என்று வீட்டில் எனக்குப் பெயர். அவர் பக்கத்தில் மட்டும் நான் பேச மாட்டேன். எனக்கு அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.