மாமியாருக்கு அரண்மனை காட்டிய கதை

கோலாலம்பூரில் பிறந்து வளர்ந்தவனிடம் ஊரைச் சுற்றிக் காட்டச் சொல்லக்கூடாது. எந்தக் கடையில் நாசி லெமாக் நன்றாக இருக்கும், எந்த ரோட்டில் எப்போது ஜாம் ஆகும் என்பதெல்லாம் எங்களுக்கு அத்துப்படி. வெளியூர்க்காரர்கள் பார்க்க வருகிற இடங்கள் மட்டும் தெரியாது. தெரியாது என்று சொல்லிவிட்டால் ஒரு வம்பும் இல்லை. நான் சொல்லவில்லை.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. பிரிக்ஃபீல்ட்ஸில் அம்மா அப்பாவோடு இருந்துகொண்டு, கிள்ளானில் ஒரு சரக்குக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கவிதா திருச்சிக்காரி. கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து செராஸில் தங்கியிருந்தாள். கல்யாணம் செய்துகொள்வது என்று நாங்கள் இருவரும் முடிவு செய்துவிட்டோம். அவளைப் பெற்றவர்கள் முடிவு செய்யவில்லை. 'பையனை நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்' என்று விமானத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டார்கள்.

கிளம்புவதற்கு முன்னால் வீடியோ காலில் பேசினார்கள். அவளுடைய அப்பா பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்து ஓய்வு பெற்றவர். கேள்வி கேட்டால், பதில் வரும்வரை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

"உங்க ஊர்ல பாக்க என்ன தம்பி இருக்கு?"

"ராஜா அரண்மனை இருக்கு அங்கிள்."

"உள்ள விடுவாங்களா?"

"தாராளமா போலாம் லா! நான் ஸ்கூல் படிக்கிறப்ப போயிருக்கேன். கார்டன் சுத்திப் பாக்கவே பாதி நாள் ஆகும்."

(ஸ்கூலில் நாங்கள் போனது மிருகக்காட்சி சாலைக்கு.)

பின்னாலிருந்து அவளுடைய அம்மாவின் குரல் கேட்டது. "அப்ப பட்டுப்புடவை எடுத்து வைக்கணும்."

விஷயம் கைமீறிப் போனது அந்தப் புடவையில்தான். அரண்மனைக்குள் நுழையப்போகிறோம் என்று அந்த அம்மாள் மனதுக்குள் முழுதாகத் தயாராகிவிட்டார். நான் இணையத்தில் ஒருமுறை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. ராஜா வீட்டுக்குத் தோட்டம் இல்லாமலா போகும், தோட்டம் இருந்தால் டிக்கெட் விற்காமலா இருப்பார்கள் என்று இருந்துவிட்டேன்.

அவர்கள் கவிதாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அடுத்த சனிக்கிழமை காலை, அரண்மனை காட்ட நான் வீட்டை விட்டுக் கிளம்பும்போது என் அம்மா சொன்னார். "வாய மூடிகிட்டு கார மட்டும் ஓட்டு. நீ பேசினாதான் பிரச்சனை."

நான் கேட்டுக்கொண்டு, நேராக எங்கள் தெருமுனைப் பூக்கடைக்குப் போனேன். வருங்கால மாமியாரை அசத்த வேண்டும். ஒரு ஆள் தலைக்கு எவ்வளவு மல்லிகைப் பூ வேண்டும் என்று எனக்குத் தெரியாது. பூக்கடை அக்கா கேட்டதற்கு, "நெறைய குடுங்க அக்கா" என்றேன். கொடுத்தார். சின்னக் கோயில் தேருக்குப் போதும்.

செராஸில் அவர்களை ஏற்றிக்கொள்ளும்போது அத்தை மாம்பழ நிறத்தில் பட்டுடுத்தி, கழுத்து நிறைய நகையோடு நின்றார். (அப்போது ஆன்டிதான். அத்தை ஆனது பிறகு.) பூவைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. அவருக்கு நல்ல பெரிய கொண்டை. அதைச் சுற்றி மூன்று வட்டம் வைத்தும் பூ மிஞ்சியது. மிச்சத்தையும் பின்பக்கம் தொங்கவிட்டாள் கவிதா. கண்ணாலேயே என்னைக் கேட்டாள், 'எல்லாம் சரியா இருக்கும்ல?' நான் கட்டை விரலை உயர்த்தினேன்.

மேட்டில் ஏறி, அரண்மனை வாசலுக்கு முன்னால் இறங்கினோம். தங்க நிறத்தில் கேட் மினுமினுத்தது. கம்பிகளுக்கு அப்பால் புல்வெளியும் பூச்செடிகளும், தூரத்தில் மஞ்சள் குவிமாடங்களும் தெரிந்தன. கேட்டுக்கு இந்தப் பக்கம் பஸ் பஸ்ஸாக வந்திறங்கிய சுற்றுலாப் பயணிகள் கம்பிக்கு நடுவில் போனை நுழைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"கேட்டை எப்ப தொறப்பாங்க தம்பி?"

"கேட்டுட்டு வரேன் அங்கிள்."

அங்கே நின்ற போலீஸ்காரரிடம் போய், எங்கே டிக்கெட் வாங்க வேண்டும் என்று மலாயில் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் பேச்சில் உள்ளூர் வாடை அடித்ததில் அவருக்குக் குழப்பம். "உள்ளே போக முடியாது தம்பி. எல்லாரும் இங்கிருந்துதான் பார்ப்பார்கள்" என்றார், குழந்தையிடம் சொல்வது மாதிரி.

திரும்பி நடந்த அந்த இருபதடி தூரத்தில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பட்டுப்புடவையைப் பார்த்ததும் தைரியம் போய்விட்டது.

"இன்னிக்கு... உள்ள ஏதோ வேலை நடக்குதாம் அங்கிள்."

வரலாற்று வாத்தியார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கவிதா பார்த்த பார்வையை எழுத வேண்டாம்.

எப்படியாவது சமாளிக்க வேண்டுமே! வாசலின் ஓரத்தில், கூண்டு மாதிரி ஒரு மண்டபத்தில், குதிரைமேல் ஒரு காவலர் சிலையாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நின்று படம் எடுக்க ஒரு வரிசை. 'குதிரை கடிக்கலாம், உதைக்கலாம்' என்று பலகை வேறு இருந்தது.

"வாங்க ஆன்டி, குதிரையோட ஒரு போட்டோ எடுப்போம்."

"கடிக்கும்னு போட்டிருக்காப்ல இருக்கே தம்பி?"

"அது சும்மா போட்டிருக்காங்க லா. குதிரை ஒண்ணும் பண்ணாது. இன்னும் கொஞ்சம் பின்னால போங்க. இன்னும் கொஞ்சம். ஆங், சூப்பர்!"

குதிரை ஒன்றும் செய்யவில்லைதான், முதல் படத்துக்கு. இரண்டாவது படத்துக்கு மூக்கை விரித்தது. மூன்றாவதற்குக் கழுத்தை வளைத்து, என் மல்லிகைப் பூவை ஒரே வாயில் கவ்வியது.

அத்தை "ஐயோ!" என்று முன்னால் பாய்ந்தார். பூ வரவில்லை. பூவோடு கொண்டையும் வரவில்லை. அது குதிரையின் வாயிலேயே தங்கிவிட்டது. அத்தையின் பின்னந்தலையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு குட்டி முடிச்சு மட்டும் இருந்தது.

சவுரி!

சுற்றியிருந்த அத்தனை பேரும் போனைத் தூக்கினார்கள். கவிதா அம்மாவைக் கட்டிக்கொண்டு முந்தானையால் தலையை மூடினாள். அவளுடைய அப்பா வாயைத் திறந்தபடி நின்றார். குதிரைமேல் இருந்த காவலர் அசையவில்லை. அசையக்கூடாது என்பது அவருக்கு உத்தரவு. கண் மட்டும் கீழே வந்து, பார்த்துவிட்டு, மறுபடி மேலே போனது.

நான் யோசிக்கவில்லை. (யோசித்திருந்தால் ஓடியிருப்பேன்.) தொங்கிக்கொண்டிருந்த முடியின் நுனியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். குதிரையும் இழுத்தது. அதற்கு என்னைவிடப் பலம் அதிகம். ஒரு காலை மண்டபத்துச் சுவரில் ஊன்றி, "விடு, விடுடா!" என்று தமிழில் கத்தினேன். அப்போது அதற்குச் சவுரியின் ருசி தெரிந்திருக்க வேண்டும். பட்டென்று வாயைத் திறந்தது. நான் பின்பக்கமாகப் பறந்துபோய், வாசலோரப் பூச்செடிகளுக்கு நடுவில் மல்லாந்து விழுந்தேன். அரண்மனைத் தோட்டத்தில் நான் கால் வைத்தது, காலே வைக்காமல், அப்படித்தான்.

சட்டை முழுக்க ஈரமண். எழுந்து வந்து, எச்சில் ஒழுகும் சவுரியை இரண்டு கையாலும் அத்தையிடம் நீட்டினேன், தாம்பூலம் கொடுப்பதுபோல.

அத்தை அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மேலேயிருந்து உதடு அசையாமல் ஒரு குரல் வந்தது: "சோரி, மாச்சிக்." காவலர்தான், அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

காரைச் செராஸ் பக்கம் திருப்பினேன். கல்யாணம் அவ்வளவுதான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. பொய்யோடு ஏன் போக வேண்டும் என்று ஒரு சிக்னலில் வாயைத் திறந்தேன்.

"ஆன்டி, மன்னிச்சிடுங்க. நான் அரண்மனைக்குள்ள போனதே இல்ல. ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனது மிருகக்காட்சி சாலைக்கு."

பின் சீட்டில் ஏதோ குலுங்கியது. கண்ணாடியில் பார்த்தேன். அங்கிள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இது எத்தனை வருஷமா?" என்றார் மனைவியிடம்.

"கவிதா பொறந்தப்பவே முடியெல்லாம் கொட்டிடுச்சு."

"அப்ப தெனமும் காலையில கதவைச் சாத்திக்கிட்டது இதுக்குத்தானா! ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க தலைக்கு மை போடுறத எங்கிட்ட சொன்னீங்களா?"

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"ஊருக்கே தெரியும்."

அதற்குமேல் கவிதாவால் தாங்க முடியவில்லை, வெடித்துவிட்டாள். அத்தையும் சிரித்தார், கண்ணீர் வரும்வரை. நான் மட்டும் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

செராஸில் இறங்கும்போது அத்தை ஜன்னல் பக்கம் வந்தார்.

"அத்தனை பேரும் போனைத் தூக்குனாங்க. இவருகூட நின்ன எடத்தவிட்டு அசையல. நீங்கதான் குதிரை வாயில கைய விட்டீங்க" என்றார். "சட்டைய மாத்திட்டு சாயங்காலம் அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வாங்க, மாப்ள."

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷமாகிறது. அத்தை அன்றோடு சவுரியை விட்டுவிட்டார். முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, அது தனக்கு நன்றாக இருப்பதாக அவரே சொல்லிக்கொள்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது. போன பொங்கலுக்குத் திருச்சிக்குப் போயிருந்தபோது வீடு நிறைய சொந்தக்காரர்கள். அத்தை என் தோளைப் பிடித்து நடுவில் நிறுத்தி, "இவருதான் எங்க மாப்ள. குதிரை வாயில இருந்து என் கொண்டையப் புடுங்குனவரு" என்று அறிமுகம் செய்துவைத்தார்.

எல்லாரும் சிரித்தார்கள். நாலைந்து பெண்கள் மட்டும் சிரித்துக்கொண்டே தங்கள் கொண்டையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, என்னிடமிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள்.